அரை அடியில் ஆடும் போல்கா: காலுக்கும் காதுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

போல்கா பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாட்டின் முதல் அடி விழும்போது துள்ளுகிறார்கள். அந்த அடி விழும் நேரத்தில் துள்ளல் முடிந்து கால் தரையில் பதிந்திருக்க வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் ஒரு வாரத்து வேலை. பிடிபடாதவரை எத்தனை மாதம் ஆடினாலும் அது நொண்டியாட்டம்தான்.

இந்த நடனம் 1830களில் பொஹீமியாவில் பிறந்தது. இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி அது. பெயரை வைத்துப் போலந்து நாட்டு ஆட்டம் என்று நினைப்பவர்கள் நிறைய. போலந்துக்காரர்களுக்கு மசூர்கா, பொலொனேஸ், கிராக்கோவியாக் என்று சொந்த ஆட்டங்கள் இருக்கின்றன. செக் மொழியில் 'போல்கா' என்றால் போலந்துப் பெண், 'பூல்கா' என்றால் பாதி. இரண்டில் எதிலிருந்து பெயர் வந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆடிப் பார்த்தவர்கள் பாதியின் பக்கம்தான் சாய்வார்கள். நடுவில் எடுத்து வைக்கிற காலடி பாதி எட்டு, துள்ளல் விழுவது அரைத் தாளத்தில், ஒரு தாளக் கட்டத்துக்குள் ஜோடி திரும்புவது அரைச் சுற்று.

கிராமத்து ஆட்டம் 1830களிலேயே பிராக் நகரத்துக்கு வந்தது. 1839இல் வியன்னா, 1840இல் பாரிஸ் மேடை, 1844இல் லண்டன். அந்த ஆண்டுகளில் பாரிஸின் நடன ஆசிரியர்களுக்கு ஓய்வே கிடைத்திருக்காது. புள்ளி போட்ட துணியை இன்றும் 'போல்கா டாட்' என்கிறோமே, அது அந்த மோகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். புள்ளிக்கும் நடனத்துக்கும் வேறெந்த உறவும் இல்லை.

முதலில் காது

காலைத் தூக்குவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். போல்கா 2/4 தாளம். மேலைநாட்டு இசையில் ஒரு தாளக் கட்டத்தைப் 'பார்' என்பார்கள். போல்காவில் ஒரு பாருக்கு இரண்டு அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு அரை. ஆக மொத்தம் நான்கு இடம். நமக்கு இது புதிதில்லை, தகதிமிதான்.

'த', 'தி' இரண்டிலும் ட்யூபாவோ பேஸ் கிட்டாரோ கனமாக விழும். 'க', 'மி' இரண்டிலும் அக்கார்டியனோ கொம்பு வாத்தியமோ சுருக்கமாக ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், வெட்டும். ஊம்-பா, ஊம்-பா என்று காதில் கேட்பது இதுதான். கனமான அடியில் கைதட்ட யாருக்கும் வரும். 'க', 'மி'யில் மட்டும் தட்டிப் பாருங்கள். ஒரு முழுப் பாட்டுக்கும் தவறாமல் தட்ட முடிந்தால் எழுந்து நிற்கலாம்.

வேகம் நிமிடத்துக்கு 110 முதல் 125 அடி வரை இருப்பது ஆடுவதற்கு ஏற்றது. பழகத் தொடங்கும்போது இணையத்தில் கிடைக்கும் பாட்டை முக்கால் வேகத்தில் ஓடவிடுங்கள். பதிவு எதுவானாலும் முதலில் எண்ணிப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் போல்கா என்று பெயர் போட்டிருப்பதெல்லாம் இந்த ஆட்டத்துக்கு ஒத்துவராது. 'போல்கா மசூர்கா' என்பது மூன்றடித் தாளம், இந்தக் கால்வரிசை அதில் உட்காராது. வியன்னாவின் ஸ்ட்ராஸ் குடும்பத்தினர் எழுதிய 'போல்கா ஷ்னெல்' வகை ஏறக்குறைய ஓட்டப் பந்தயம். அதே குடும்பத்தின் 'போல்கா ஃப்ரான்சேஸ்' வகை நிதானமானது, புதியவர்களுக்கு உதவும்.

தனியாக ஒரு அடி

ஆறு ஏழு மீட்டர் நீளமுள்ள நேரான இடம் போதும். வழுவழுப்பான தோல் அடிப்பகுதி கொண்ட காலணி நல்லது. ரப்பர் அடிப்பகுதி தரையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கெல்லாம் முழங்காலில் போய் உட்காரும். வெறும் காலுறையோடு டைல்ஸ் தரையில் ஆடினால் அதற்கு நேரெதிரான ஆபத்து.

துள்ளலை மறந்துவிட்டு மூன்று எட்டு மட்டும் முதலில்:

1. 'த': இடது காலை முன்னால் வையுங்கள். ஒரு முழத்துக்கும் குறைவான எட்டு, முன்பாதம் முதலில் தரை தொட வேண்டும்.
2. 'க': வலது காலை இடது குதிகாலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேருங்கள். தாண்டிப் போகக் கூடாது. பாதி எட்டு என்பது இதுதான்.
3. 'தி': இடது காலை மறுபடி முன்னால் வையுங்கள். இந்த எட்டு இன்னும் சிறிது, ஒரு சாண் போதும்.
4. 'மி': சும்மா இருங்கள். எடை முழுவதும் இடது காலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த பார் வலது காலில் தொடங்கும். மூன்று எட்டு ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு பாருக்கும் தொடங்கும் கால் தானாக மாறும். மாறவில்லையென்றால் எங்கோ எடையை மாற்றாமல் பாதத்தை வெறுமனே தொட்டிருக்கிறீர்கள். அனேகமாக அது 'க'வில்தான் நடந்திருக்கும்.

மெட்ரோனோம் என்ற தாளங்காட்டும் கருவியில் நிமிடத்துக்கு 60 அடியில் தொடங்கி 80, 100 என்று ஏற்றுங்கள். இப்படி நடந்து போவதே ஒரு தனி அழகு. ஊருக்கு ஊர் துள்ளலை முழுதாக விட்டுவிட்டு வழுக்கி ஆடுகிறவர்கள் உண்டு. வயதானவர்கள் இரவு முழுக்க ஆடுவது இப்படித்தான்.

இனி துள்ளல். அது வரும் இடம் 'மி', அதாவது அடுத்த பாரின் 'த'வுக்கு முந்தைய அரை அடி. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: அதீத எடுப்பு. பாட்டு தாளத்துக்கு முன்பே எடுப்பதுபோல உடம்பு முன்பே எழுகிறது. ஆகவே ஆட்டத்தைத் தொடங்கும்போதே, முதல் 'த'வுக்கு முன்னால் இருக்கிற 'மி'யில், வலது காலில் நின்றபடி ஒரு சின்ன எழுச்சி, உடனே இடது கால் முன்னால். மி-தகதி, மி-தகதி என்று சொல்லிக்கொண்டே ஆடினால் நாக்கு காலை இழுத்துக்கொண்டு போகும்.

எவ்வளவு உயரம்? குதிகால் தரையை விட்டுக் கிளம்பினால் போதும், முன்பாதம் தரையை விட இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம். மேடையில் உயரத் துள்ளுகிறார்களே என்று கேட்கலாம். அது பார்வையாளர்களுக்காக. அவர்களும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆடுவதில்லை.

துள்ளலை மிக மெதுவான வேகத்தில் பழகாதீர்கள். மற்ற பயிற்சிகளுக்கு நேர்மாறான அறிவுரை இது, காரணம் புவியீர்ப்பு. 60 வேகத்தில் ஒரு அரை அடி அரை நொடி நீளம். இவ்வளவு சின்னத் துள்ளலில் அவ்வளவு நேரம் காற்றில் நிற்க முடியாது, அதனால் சீக்கிரம் கீழே வந்து காத்திருப்பீர்கள். அந்தக் காத்திருப்பு பழக்கமாகிவிடும். மூன்று எட்டை மெதுவாகப் பழகுங்கள், துள்ளலை 80க்கு மேல் சேருங்கள்.

ஜோடியாக

ஆட்டத்தின் போக்கை முடிவுசெய்பவரை நடத்துபவர் என்றும் மற்றவரைத் தொடர்பவர் என்றும் வைத்துக்கொள்வோம். நடத்துபவரின் வலது உள்ளங்கை தொடர்பவரின் இடது தோள்பட்டை எலும்பின் கீழே இருக்க வேண்டும், இடுப்பில் இல்லை. தொடர்பவரின் இடது கை நடத்துபவரின் வலது தோளில். மற்ற இரண்டு கைகளும் தோள் உயரத்தில் கோத்திருக்கும். நடத்துபவர் இடது காலில் தொடங்குவார், தொடர்பவர் வலது காலில்.

கைகள் விறைப்பாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் தொய்யக் கூடாது. இருவரும் சேர்ந்து ஒரு பானையைச் சுற்றிப் பிடித்திருப்பதுபோல அந்த வட்டம் நிலைக்க வேண்டும். சுழலும்போது இரண்டு உடம்பும் வெளிப்பக்கம் விசிறப்படும். முதுகில் இருக்கிற கைதான் அந்த இழுப்பைத் தாங்குகிறது. அது தொய்ந்தால் தொடர்பவர் தோளைக் கசக்கிப் பிடிப்பார், அடுத்த நாள் நடத்துபவரின் கழுத்து வலிக்கும்.

அரங்கில் எல்லா ஜோடிகளும் ஒரே திசையில் போக வேண்டும். கோயிலில் வலம் வருவதற்கு நேர் எதிர்த் திசை அது, அரங்கின் நடு எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வேகமாகப் போகிறவர்கள் வெளிவட்டத்தில், மெதுவாகப் போகிறவர்களும் பழகுகிறவர்களும் உள்வட்டத்தில். ஓரத்தில் நின்றுவிடுவது மோசமான பழக்கம், பின்னால் வருகிற ஜோடிக்கு முதுகில் கண் இல்லை.

சுற்று

போல்காவின் உயிர் இதில்தான் இருக்கிறது, இதற்குத்தான் நாள் பிடிக்கும். ஜோடி கடிகாரத் திசையில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே அரங்கைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. ஒரு பாருக்கு அரைச் சுற்று, இரண்டு பாருக்கு ஒரு முழுச் சுற்று. பதினாறு பார் உள்ள ஒரு பகுதி முடியும்போது எட்டுச் சுற்று முடிந்திருக்கும்.

நடத்துபவர் சுவரைப் பார்த்து, அரங்கின் நடுவுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். தொடர்பவர் நடுவைப் பார்த்து நிற்பார். போக வேண்டிய திசை நடத்துபவரின் இடப்பக்கம்.

முதல் பார்: 'மி'யில் துள்ளல். 'த'வில் நடத்துபவர் இடது காலைப் பக்கவாட்டில் வைக்கிறார். 'க'வில் வலது கால் வந்து சேரும். 'தி'யில் இடது காலை வைக்கும்போதே உடம்பு வலப்புறமாகத் திரும்பத் தொடங்குகிறது, துள்ளலில் திருப்பம் முடிகிறது. இப்போது நடத்துபவர் நடுவைப் பார்க்கிறார், தொடர்பவர் சுவரைப் பார்க்கிறார்.

இரண்டாம் பார்: அதே வேலை, கால் மாற்றி. நடத்துபவரின் வலது கால் பக்கவாட்டில், இடது கால் சேரும், வலது கால் வைத்து வலப்புறமே திரும்பி மறுபடி சுவரைப் பார்ப்பார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதல் பாரில் நடத்துபவர் தொடர்பவருக்கு முன்னால் குறுக்கே கடந்து போகிறார், ஆகவே அவர் எட்டு பெரிது. தொடர்பவர் தன் வலது காலை நடத்துபவரின் இரு பாதங்களுக்கு இடையில் சிறிதாக வைத்தால் போதும். இரண்டாம் பாரில் இந்தப் பங்கு இடம் மாறுகிறது. இருவரும் எப்போதும் ஒரே அளவு எட்டு வைத்தால் ஒருவரையொருவர் சுற்ற முடியாது, பக்கத்தில் பக்கமாக இடித்துக்கொண்டே போவார்கள்.

திருப்பத்தைத் தோளால் இழுக்காதீர்கள். துள்ளும்போது உடம்பில் எடை குறைகிற அந்த ஒரு கணத்தில்தான் பாதம் எளிதாகத் திரும்பும். துள்ளல் அலங்காரத்துக்காக வந்ததென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கால் தரையில் பதிந்திருக்கும்போது திருப்பினால் முழங்கால் முறுகும்.

தலைசுற்றல் வரத்தான் செய்யும். சுவர்களைப் பார்த்தால் சீக்கிரம் வரும், ஏனென்றால் அவைதான் ஓடுகின்றன. உங்களோடு சேர்ந்தே சுழலும் ஒன்று உண்டு, அது ஜோடியின் முகம். அதையோ அவர் தோளையோ பாருங்கள். எட்டுப் பார் சுற்றிவிட்டு எட்டுப் பார் பக்கத்தில் பக்கமாக நின்று நேராக ஆடிப் போங்கள், காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு அடங்க அது போதும்.

இடையில் இளைப்பாற குதிகால்-நுனிக்கால் வரிசை உதவும். முதல் பாரில் இடது குதிகாலைப் பக்கவாட்டில் ஊன்றி ('த'), நுனிக்காலை வலது பாதத்தருகே தொட்டு ('தி'), இரண்டாம் பாரில் இடப்பக்கம் ஒரு போல்கா அடி. மூன்றாம் நான்காம் பார்களில் இதையே வலப்பக்கம். சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

எங்கே கோணும்

பாட்டை விட்டு எப்போதும் கொஞ்சம் பின்தங்குகிறீர்களா? துள்ளல் உயரம் அதிகம். உயரத்தைக் குறைத்தால் நேரம் தானாக வந்துவிடும்.

சுற்றும்போது அரங்கின் நடுவுக்கோ சுவர்ப்பக்கமோ ஒதுங்கிப் போகிறீர்கள் என்றால் அரைச் சுற்று முழுதாக முடியவில்லை. ஒவ்வொரு பாரிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால் நான்கைந்து பாரில் திசையே மாறிவிடும். ஜோடி இல்லாமல், சுவருக்கு இணையாகத் தரையில் ஒரு டேப் ஒட்டி, ஒவ்வொரு பார் முடிவிலும் இரு பாதங்களும் அந்தக் கோட்டின் மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கால்கள் பின்னிக்கொண்டு விழுந்தால் குற்றவாளி 'க'. சேர வேண்டிய கால் தாண்டிப் போயிருக்கும்.

கெண்டைக்கால் இறுகிக்கொள்வது முதல் வாரத்தில் இயல்பு. இரண்டாம் வாரத்திலும் இருந்தால் முழங்காலை நீட்டி விறைத்து இறங்குகிறீர்கள் என்று பொருள். முழங்கால் எப்போதும் சற்றே மடங்கியிருக்க வேண்டும்.

வாசிக்கிறவர்களுக்கு

அக்கார்டியனுக்கு வியன்னாவில் சிரில் டெமியன் காப்புரிமை பெற்றது 1829இல்; போல்கா எழுந்ததும் அதே பத்தாண்டை ஒட்டித்தான். ஒரே ஆள் பேஸ், கார்டு, மெட்டு மூன்றையும் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம் என்பது கிராமத்து ஆட்டத்துக்குப் பெரிய வரம். நம்மூர் ஆர்மோனியத்துக்கும் இதற்கும் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு ஒரே குலம். செக் கிராமங்களில் ஹெலிகோன்கா என்ற பொத்தான் அக்கார்டியன் இருக்கிறது, துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறு சுரமும் தரும். பழக்கமில்லாதவர் கையில் அது சண்டித்தனம் செய்யும்.

பெரிய குழுவுக்கு செக் மொழியில் 'தெஹோவ்கா' என்று பெயர்: கிளாரினெட், டிரம்பெட், ஃப்ளூகல்ஹார்ன், ட்யூபா, டிரம்ஸ். கோலின் நகரத்து ஃபிரான்டிசெக் க்மோக் (1848–1912) இந்த வகைக் குழு இசைக்கு முகம் கொடுத்தவர். உலகம் முழுக்க பீர் அரங்குகளில் பாடுகிற 'பீர் பேரல் போல்கா'வும் செக்காரரான யாரோமீர் வெய்வோடா 1927இல் இயற்றியது. ஜெர்மானியப் பாட்டு என்று பலர் அடித்துச் சொல்வார்கள்.

அக்கார்டியனில் இடக்கை வேலை இவ்வளவுதான். சின்னக் குழி உள்ள பொத்தான் சி. 'த'வில் சி பேஸ், 'க'வில் சி மேஜர் கார்டு, 'தி'யில் ஜி பேஸ், 'மி'யில் மறுபடி சி மேஜர் கார்டு. ஜி பொத்தான் சி-க்கு அடுத்து, மோவாய்ப் பக்கம். நம் கணக்கில் ஸ, கார்டு, ப, கார்டு. கீபோர்டில் வாசிப்பவர்கள் இதையே இடது கையில் செய்யலாம்.

பழகுவதற்கு ஒரு பதினாறு பார் வரிசை: சி இரண்டு பார், ஜி7 நான்கு பார், சி இரண்டு பார். பிறகு சி இரண்டு, எஃப் இரண்டு, சி ஒன்று, ஜி7 ஒன்று, சி இரண்டு. பெரும்பாலான நாட்டுப்புறப் போல்காக்கள் இதற்கு அக்கம்பக்கத்தில்தான் உலவும். மெட்டு எட்டு அல்லது பதினாறு பார் பகுதிகளாக, ஒவ்வொன்றும் இருமுறை வரும். மூன்றாவதாக வருவதற்கு 'டிரியோ' என்று பெயர். அதில் சுருதி மத்தியமத்துக்கு மாறும், சி-யில் தொடங்கியது எஃப்-க்குப் போகும். மத்தியம சுருதியில் பாடிப் பழகியவர்களுக்கு இந்த மாற்றம் காதில் உடனே தட்டும். பெரும்பாலும் அங்கே மெட்டு இளகி நீளும். ஆடுபவர்கள் சுற்றைக் குறைத்து வழுக்கி ஆட அது நல்ல இடம்.

வாசிப்பில் அடிக்கடி நேரும் பிழை, கார்டை அழுத்திப் பிடித்துக்கொள்வது. 'க', 'மி'யில் விரல் சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல் எடுத்துவிட வேண்டும். நீண்டால் தாளம் கனத்துப் படையணி நடை ஆகிவிடும். ஆடுபவர் துள்ளுவதும் அந்த 'மி' கார்டில்தான். அது மழுங்கினால் அவர் காலுக்கு எழும்ப இடமில்லை. இன்னொரு பிழை, துருத்தியை நினைத்த இடத்தில் திருப்புவது. இரண்டு அல்லது நான்கு பாருக்கு ஒருமுறை, மெட்டு மூச்சு விடுகிற இடத்தில் மட்டும் திருப்புங்கள். வேகம் ஏறிக்கொண்டே போவதும் உண்டு. அரங்கு உற்சாகமானால் வாசிப்பவரும் உற்சாகமாவார், ஐந்தாவது பாட்டில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். டிரம்ஸ்காரர் ஒருவராவது கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1993இல் போல்காவைத் தன் அதிகாரபூர்வ நடனமாக்கியது. கிளீவ்லாந்தின் ஸ்லோவீனியர் பாணி மென்மையானது, சிகாகோவின் போலந்துக்காரர் பாணியில் துள்ளல் தூக்கலாக இருக்கும். டெக்சஸ்-மெக்சிகோ எல்லையில் அக்கார்டியனோடு பாஹோ செக்ஸ்தோ என்ற பன்னிரண்டு தந்தி கிட்டார் சேர்ந்துகொண்டது. அயர்லாந்தில் கெர்ரி, கார்க் பகுதிகளில் நான்கு ஜோடி சேர்ந்து சதுரமாக நின்று ஆடுவார்கள். வேகம் அதிகம், கால்வரிசை வேறு, மேலே சொன்னதை அங்கே கொண்டுபோய் ஆடினால் இடிபடுவீர்கள். பின்லாந்துக்காரர்கள் 1941இல் விய்பூரி நகரத்தில் சோவியத் படை விட்டுப்போன, வானொலிச் சமிக்ஞையால் இயங்கும் கண்ணிவெடிகள் வெடிக்காமல் தடுக்க, அந்த அலைவரிசையில் ஒரு போல்காவை ஓயாமல் ஒலிபரப்பினார்கள். செக் நாட்டிலோ பதின்வயதுப் பிள்ளைகள் நடன வகுப்புக்குப் போய் வால்ட்ஸோடு சேர்த்து இதையும் கற்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

நிறுத்துவது

பாட்டின் கடைசிப் பாரை வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு கனமான கார்டுகளில் முடிப்பார்கள், பம்-பம். புதியவர்கள் அந்த நேரத்திலும் துள்ளிக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பகுதியின் பதினான்காம் பாரிலேயே சுற்றைச் சுருக்கிவிடுங்கள். பதினைந்தாம் பாரில் நேராக நின்று ஒரு போல்கா அடி. பதினாறாம் பாருக்கு முன் 'மி' கிடையாது; 'த'வில் ஒரு கால், 'தி'யில் மறு கால், இரண்டும் தரையில்.